புயலுக்கு முந்திய பணி

கொழும்புத்துறையைத் தழுவி நிற்பது யாழ்ப்பாணக் கடல்நீரேரி. ஆழங் குறைந்த அந்நீரைப் பெருங்காற்று எளிதிற் கரைமேல் தள்ளிவிடும். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் எழுந்த சூறாவளி வட இலங்கையைத் தாக்கியது; தனுஷ்கோடியை அழித்தது; அங்கே புகையிரதமொன்றும் பயணிகளோடு அலைவாய்ப்பட்டது.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் இன்று முன்னெச்சரிக்கை விடுக்கின்றது; 117 என்ற இலக்கத்தில் அதனை அழைக்கலாம். ஆயினும், வள்ளமும் வலையுமே வாழ்வெனக் கொண்ட கடற்றொழிலாளர் அவற்றை விட்டு நீங்கத் தயங்குவர். அத்தயக்கமே உயிருக்குப் பகை.

ஆதலின், மீட்புப் பணி வெள்ளத்தில் இறங்குவதோடு தொடங்குவதன்று. காற்று வலுக்குமுன் அயலவர் கூடி வள்ளங்களைக் கரையேற்றிப் பிணித்தல் வேண்டும். உடைமை காக்கப்பட்டதென்று உணர்ந்தவனே, அழைத்தவுடன் குடும்பத்தோடு மேட்டுநிலம் நாடுவான்.