கல்லுக்கும் வேண்டும் கடவுச்சீட்டு



நாம் பிழைக்க வந்த இக்கொல்கத்தா மாநகரில், நமக்கு வெகு காலம் முன்னரே குடியேறிய தமிழ்நாட்டுக் கல் ஒன்று உண்டு. தூய ஜான் ஆலய வளாகத்தில், ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது கிடக்கும் கரும்பலகையே அது. சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையினம். அதனை ஆராய்ந்த ஹாலண்டு என்னும் அறிஞர், 1893இல் அப்பாறைக்குச் 'சார்னாக்கைட்டு' எனப் பெயரிட்டார்.

அப்பாறையின் உறவினம் தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவிலும் கிடைக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இரு நிலங்களும் கோண்டுவானா என்னும் பெருநிலத்தில் ஒட்டிக் கிடந்தவை அல்லவா? அவ்வுறவை மெய்ப்பிக்க, அங்கிருந்து கல் கொணர்ந்து ஒப்பிடல் வேண்டும். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதற் பயணத்திற்குப் பின், நம் அறிஞர் பலர் அங்குச் சென்று வருகின்றனர்.

அங்கே ஏழு நாடுகள் நிலவுரிமை கோரின. 1959இன் உடன்படிக்கை அக்கோரிக்கைகளை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டது. அவ்வாறாயின் கல்லெடுக்க யாரிடம் அனுமதி பெறுவது? அவரவர் அரசிடமே! 1991இல் மாட்ரிடில் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், அங்குக் கனிமம் தோண்டுவதைத் தடுத்து, அறிவியல் ஆய்வுக்கு மட்டும் இடமளித்தது. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், உரிமமின்றி ஆய்வுக்கல் திரட்டலாகாது என விதிக்கிறது. எங்கே, எதற்காக, எவ்வளவு என்பதனையும், அதனால் சுற்றுப்புறத்திற்கு நேரும் விளைவையும் முன்கூட்டியே எழுதித் தரல் வேண்டும். தட்சிண கங்கோத்திரிப் பனியாறு போன்ற காப்பிடங்களுள் நுழையத் தனி உரிமம் தேவை.

கல்லெடுத்த பின்னும் வேலை உண்டு. ஒவ்வொரு கல்லுக்கும் எண் இட்டு, எடுத்த இடமும் எடையும் பட்டியலில் குறித்தல் வேண்டும். கப்பல் கேப் டவுன் போன்ற அயல்நாட்டுத் துறைமுகம் வழியே வருமாயின், அங்குள்ள சுங்கத்தாருக்கும் கணக்குக் காட்டல் வேண்டும். விற்பனைக்கன்று, ஆய்வுக்கே என்னும் உறுதிமொழியும் உடன் இருத்தல் நலம். மண் ஒட்டியிருப்பின் துடைத்துக் கழுவுக. பயிர்நோய்க்கு அஞ்சி, வெளிநாட்டு மண்ணைத் தனி அனுமதியின்றி நம் அரசு உள்ளே விடுவதில்லை.

"ஒரு கைப்பிடிக் கல்லுக்கு இத்தனை ஏடா?" என இளைஞர் சலித்துக்கொள்ளலாம். அங்குக் கோடைக்காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சில திங்களே. ஓர் ஏடு பிந்தினால் ஓராண்டு உழைப்பே பாழாகும், உண்மைதான். ஆனால் எடுத்த இடம் குறிக்கப்படாத கல், ஊர் பேர் தெரியாத சாட்சிக்கு ஒப்பாகும். அதன் வாக்கு ஆய்வு மன்றத்தில் ஏறாது. உரிமச் சீட்டும் பட்டியலுமே அச்சாட்சியின் முகவரி.

மேலும், அக்கண்டத்திற்கு வேலியில்லை, காவலரும் இல்லை. வருவோர் ஒவ்வொருவரும் நினைவுக்கென ஒரு கல்லை எடுத்துச் சென்றால், நாளை நம் பேரப்பிள்ளைகள் ஆராய எஞ்சுவது யாது? காண்பார் இல்லாத இடத்திலும் கை நீட்டாமையே கள்ளாமை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

இங்குள்ள பிள்ளைகளுள் சிலர் நாளை நிலவியல் கற்றுக் கடல் கடந்து செல்லக்கூடும். சுத்தியலை எடுக்குமுன் பேனாவை எடுங்கள் என்பதே அவர்களுக்கு என் வேண்டுகோள்.