கையில் இரண்டு எம்.பி.பி.எஸ். இடங்கள்

நீட் முடிவு வந்தபின் எம்.பி.பி.எஸ். இடங்கள் இரண்டு வழிகளில் நிரப்பப்படுகின்றன. மாநில அரசுக் கல்லூரிகளின் இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீடு. அதை மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. மீதி 85 விழுக்காடு மாநிலத் தேர்வுக் குழுவின் பொறுப்பு. நல்ல மதிப்பெண் எடுத்த மாணவருக்கு இரண்டிலும் இடம் கிடைப்பது உண்டு. ஒன்று பெயர்பெற்ற பழைய கல்லூரியாக இருக்கும். இன்னொன்று சொந்த மாவட்டத்தில் புதிதாகத் திறந்த கல்லூரியாக இருக்கும். சேர வேண்டிய கடைசித் தேதிக்குச் சில நாள்களே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது விதி. முதல் சுற்றில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வருவது பொதுவாக எளிது. அடுத்தடுத்த சுற்றுகளில் வைப்புத்தொகை போகும். வேறு கலந்தாய்வில் கலந்துகொள்ளும் உரிமையும் போகலாம். இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்பி இருக்காமல், இந்த வருடத் தகவல் குறிப்பேட்டை வரிவரியாகப் படிப்பதே பாதுகாப்பு.

பட்டத்தைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியும், 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர், ராமநாதபுரம், அரியலூர் உள்ளிட்ட 11 அரசுக் கல்லூரிகளும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. பாடத்திட்டம் ஒன்று, எழுத்துத் தேர்வின் வினாத்தாள் ஒன்று. நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி என்ற கால அளவும் எல்லோருக்கும் ஒன்றே. வேறுபாடு இருக்கும் இடம் வார்டு.

முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். இரண்டாம் ஆண்டிலிருந்து காலை வேளைகளில் மாணவர் வார்டுக்குப் போகிறார். மருத்துவம் உண்மையில் அங்கேதான் கைக்கு வருகிறது. வீங்கிய கல்லீரலைத் தொட்டுக் கண்டுபிடிக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். நோயாளி முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்திருக்கிறார். மாணவர் வலது கையை அவருடைய வயிற்றின் வலப்பக்கம், கீழே, தட்டையாக வைக்கிறார். “நல்லா மூச்சை இழுங்க ஐயா” என்கிறார். மூச்சு உள்ளே போகும்போது கல்லீரல் கீழே இறங்கும். கை அசையாமல் காத்திருக்க வேண்டும். மூச்சு வெளியே வரும்போது ஒரு விரல்கடை மேலே நகர வேண்டும். இப்படியே நகர்ந்து போகையில், ஏதோ ஒரு மூச்சில் ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒரு விளிம்பு வந்து இடிக்கும். அது மெத்தென்று இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, மேடுபள்ளமாக இருக்கிறதா என்பதை வைத்தே நோயின் போக்கை ஓரளவு சொல்லிவிடலாம். புத்தகத்தில் இது நாலு வரி. விரலுக்குப் புரிவதற்குப் பத்து நோயாளிகளாவது வேண்டும். பக்கத்தில் நின்று, “அழுத்தாதே, கையை அதுபாட்டுக்கு விடு” என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரும் வேண்டும்.

இதயத்தின் ஈரிதழ் வால்வு சுருங்கியதால் எழும் ஒலியும் அப்படித்தான். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை மெல்ல வைத்தால்தான் அந்தத் தாழ்ந்த உறுமல் கேட்கும். அழுத்தி வைத்தால் மறைந்துவிடும். முதல் முறையிலேயே கேட்டுவிடும் மாணவர் அரிது. கேட்காமலே “கேட்டது சார்” என்று தலையாட்டும் மாணவர் எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

இரண்டு கல்லூரிகளையும் உரசிப் பார்க்க வேண்டியது இந்த இடத்தில்தான். சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, மதுரை ஆகியவற்றில் ஆண்டுக்கு 250 பேர் சேர்கிறார்கள். பல மாவட்டங்களிலிருந்து பரிந்துரைக்கப்பட்டு வரும் அரிய நோய்களை அங்கே கண்ணால் காணலாம். சிறப்புத் துறைகள் இருக்கும்; இரவுப் பணியில் பாடம் சொல்லித்தரப் பட்டமேற்படிப்பு மாணவர்கள் இருப்பார்கள். ஆனால் ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நின்றால், கடைசி வரிசைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுதான். புதிய மாவட்டக் கல்லூரிகளில் சேர்பவர்கள் 100 அல்லது 150 பேர். அரிய நோய்கள் குறைவு; ஆனால் காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம், சர்க்கரைப் புண் என்று ஊர் மருத்துவர் தினமும் பார்க்க வேண்டியவை நிறைய வரும். பட்டமேற்படிப்பு மாணவர்கள் குறைவாக இருப்பதால், காயத்துக்குத் தையல் போடுவதும் பிரசவம் பார்ப்பதும் பயிற்சி மருத்துவரின் கைக்கே வர வாய்ப்பு அதிகம். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்பது. நோயாளி இருந்து ஆசிரியர் இல்லாவிட்டால் தவறான பழக்கமே கையில் படியும்.

வெளிமாநில இடம் என்றால் மொழியும் கணக்கில் வரும். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, சாப்பிட்டபின் கூடுகிறதா என்று கேட்டு வாங்குவதில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. அந்த ஊர்ப் பேச்சைக் கற்க மனமுள்ளவருக்கு இது தடையல்ல. ஆனால் முதல் ஒரு வருடம் கூடுதல் உழைப்பு வேண்டும்.

அடுத்தது பணம். அரசு இடத்தின் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் இருக்கும். தனியார் நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சங்களில் இருக்கும். விடுதி, உணவு, புத்தகம், போக்குவரத்து என எல்லாவற்றையும் ஐந்தரை ஆண்டுக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும். சில மாநிலங்களும் நிறுவனங்களும் படிப்பு முடிந்ததும் கட்டாயப் பணிக்கு ஒப்பந்தம் எழுதி வாங்குகின்றன. எத்தனை ஆண்டு, மீறினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிட வேண்டும். மேற்படிப்பில் பெரும்பாலான இடங்களுக்கு நுழைவுத் தேர்வு நாடு முழுவதும் ஒன்று. அதில் கல்லூரியின் பெயருக்கு மதிப்பெண் கிடையாது.

இவற்றையெல்லாம் நேரில் போனால் ஒரே காலையில் அறியலாம். எட்டு மணிக்கு ஓ.பி. வரிசையைப் பார்க்கலாம். பிறகு பயிற்சி மருத்துவர்கள் இரண்டு மூன்று பேரிடம், “நீங்களே எத்தனை பிரசவம் பார்த்தீர்கள்? வார்டில் சொல்லித்தருவது யார்?” என்று கேட்கலாம். விடுதித் தண்ணீரைப் பற்றியும் கேட்டுவிடலாம்.

ஆக, முதலில் விதி, பிறகு வார்டு, அதன்பின் மொழி, பணம், ஒப்பந்தம் என்ற வரிசையில் பார்த்தால், கல்லூரிப் பெயரின் கனம் தானாகவே அதன் அளவுக்கு வந்துவிடும். இந்த ஆண்டு சேரும் மாணவர்களுக்கு நோயாளியின் அருகில் நிற்க இடமும், அங்கே கைபிடித்துச் சொல்லித்தரும் ஆசிரியரும் வாய்க்கட்டும்.