அடுப்படி அலமாரியைத் திறந்து பார்ப்போம்



நம் வீட்டு அடுப்படியில் என்னென்ன சாமான்கள் இருக்கின்றன என்று திடீரெனக் கேட்டால், நம்மில் எத்தனை பேர் சரியாகப் பதில் சொல்லுவோம்? ஆசிரியர் வீடாயிற்றே, எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு அலமாரியைக் காலி செய்து, வாசலில் பாய் விரித்துச் சாமான்களைப் பரப்பினோம். வெற்று மைலோ டின்கள் 11. பாதி பாதியாய் மிளகாய்த்தூள் பொட்டலங்கள் 3. போன தீபாவளிக்கு வாங்கிய முறுக்கு மாவு. வண்டு குடியேறிய பாசிப்பருப்பு. அந்தப் பருப்பு இருப்பது தெரியாமலே, அந்த மாதமும் கடையில் பருப்பு வாங்கியிருந்தோம்!

இப்படிச் சேர்த்து வைக்கும் பழக்கத்திற்குக் காரணம் உண்டு. 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், நம் முன்னோர் அரிசிக்கு வழியின்றி மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று உயிர் பிழைத்தவர்கள். ஒரு டின்னைக்கூடத் தூக்கி எறிய அவர்களுக்கு மனம் வராது. அந்தச் சிக்கனத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால், தம்மிடம் எது எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாமோ சேர்க்கிறோம், அறிவதில்லை. இருப்பது தெரியாமல் வைத்திருப்பது சேமிப்பு ஆகாது.

அன்று இன்னொன்றும் கிடைத்தது. மேல் தட்டின் மூலையில், சர்பத் போத்தல் ஒன்று. "அம்மா, இது குடிக்கிறதா?" என்று கேட்டபடி எங்கள் இளைய மகன் மூடியில் கை வைத்துவிட்டான். பறித்து முகர்ந்து பார்த்தால், களைக்கொல்லி! கீரைப் பாத்திக்கு அடிக்க என்றோ யாரிடமோ வாங்கி ஊற்றி வைத்தது. எங்களுக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. வைத்தவர்களும் நாங்களே, மறந்தவர்களும் நாங்களே.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தோட்ட மக்கள் நன்கு அறிவார்கள். ஒரு மிடறு போதும், உயிர் போய்விடும். அதற்கு மாற்று மருந்து இல்லை. மலேசியாவில் அது 2020-ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. தடை வந்துவிட்டது என்பதற்காக, மூலையில் கிடக்கும் பழைய போத்தல் தானாக மறைந்துவிடுமா? ஆகவே களைக்கொல்லி, மண்ணெண்ணெய், ஆசிட் எதுவும் அடுப்படியில் இருக்கக் கூடாது. குடிக்கும் போத்தலில் ஊற்றவே கூடாது. மிச்சம் இருந்தால் கால்வாயில் கொட்டாமல், தோட்ட அலுவலகத்திலோ விவசாய இலாகாவிலோ கேட்டு ஒப்படையுங்கள்.

இனி, அலமாரியை எப்படி ஒழுங்கு செய்வது? ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, அரிசி டின். வண்டு அரிசி மணிக்கு உள்ளேயே முட்டையிடும்; கண்ணுக்குத் தெரியாது. பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டினால் இரண்டும் கெடும். பழையதை முதலில் சமைத்துத் தீர்த்து, டின்னைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே புதியதைக் கொட்ட வேண்டும்.

இரண்டாவது, பூஞ்சணம் பிடித்த கச்சான், சோளம். கழுவி வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு சமையல் சூட்டில் அழிவதில்லை. 1988-இல் பேராக் மாநிலத்தில் மீ வகை உணவை உண்ட பிள்ளைகள் 13 பேர் இறந்தார்கள். ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டிய காரணங்களுள் இந்த நஞ்சும் ஒன்று. ஒரு பிடி கச்சானைவிட நம் பிள்ளையின் ஈரல் பெரிது.

மூன்றாவது, வெற்று டின்கள். மூடி சரியாகப் பொருந்துபவை ஐந்தாறு போதும். மற்றவற்றைப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம். வீட்டின் பின்புறம் எறிந்தால், மழைநீர் தேங்கி டிங்கிக் கொசு வளரும். எறும்புக்காக அலமாரிக் கால்களுக்கு அடியில் வைக்கும் நீர்க் கிண்ணத்தையும் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

நான்காவது, பெயர் எழுதி ஒட்டுவது. இதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். 'கடலைப் பருப்பு' என்று எழுதும்போது ல, ழ, ள வேறுபாடும் மனத்தில் பதியும். வாங்கிய தேதியையும் எழுதச் சொல்லுங்கள். சம்பளம் போட்டதும் கடைக்குப் போகுமுன், அந்தப் பெயர்களைப் பார்த்தே சாமான் பட்டியல் எழுதலாம். இல்லாததை மட்டும் வாங்கினால், மிஞ்சும் சில வெள்ளிகள் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு ஆகும்.

போகிக்குப் பழைய பாயை வெளியே எடுக்கிறோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அலமாரியின் பின்பக்கம் மட்டும் நம் கை போவதில்லை. அதற்குப் போகி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே மேல் தட்டிலிருந்து தொடங்குவோம். பிள்ளைகளின் கை அங்கே எட்டுமுன் நம் கை எட்டட்டும்.