புத்தகச் சந்தையும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சந்தை என்றவுடன் மாடும் நெல்லும் காய்கறியும் குவிந்து கிடக்கும் ஓரிடமே நம் நினைவுக்கு வரும். பழைய மதுரையின் நாளங்காடியும் அல்லங்காடியும் நம் இலக்கியங்களிற் பேசப்படுகின்றன. அங்கெல்லாம் பொருள் ஒரு கையினின்று மற்றொரு கைக்குச் செல்லும், காசு எதிர்வரும். ஆயின், பொருள் இடம் பெயராமலே வாணிகம் நிகழும் சந்தையொன்று உண்டு. அங்கு விலைபேசப்படுவது புத்தகமன்று. புத்தகத்தின்மேல் உள்ள உரிமை. அத்தகைய சந்தையொன்றை எம் நண்பர் ஒருவருடன் சென்று கண்டோம். கண்டவற்றுள் நம் சமூகத்தார்க்கு வேண்டுவனவற்றை மட்டும் இன்று கூறுவாம்.

இவ்வகைச் சந்தையின் தாயகம் ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரம். கூட்டன்பர்க் என்பார் அச்சுக்கலையை வளர்த்த மைன்ஸ் நகரம் அதற்கு அணித்தே உள்ளது. ஆதலின் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே அச்சுநூல் வணிகர் பிராங்க்பர்ட்டிற் கூடலாயினர். கட்டுக் கட்டப்படாத அச்சுத் தாள்களை மரப் பீப்பாய்களில் அடைத்து வண்டியிலும் படகிலும் கொண்டுவந்தனர். 1564இல் வில்லர் என்னும் வணிகர் சந்தைக்கு வந்த நூல்களுக்கு ஓர் அட்டவணை அச்சிட்டார். பின்னாளில் லைப்சிக் நகரத்துச் சந்தை முந்திக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1949இல், பிராங்க்பர்ட் சந்தை மீண்டும் உயிர்பெற்றது. 1986இலும் 2006இலும் இந்தியா அதன் சிறப்பு விருந்தினர் நாடாக இருந்தது. சிறுவர் நூல்களுக்கென இத்தாலியின் பொலோனா நகரில் 1964 முதல் தனிச் சந்தை உண்டு.

லைப்சிக்கிற்கு அணித்தாகிய ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துக்களே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்து, சீகன்பால்கு ஐயரின் அச்சுக்கூடத்திற்கு முதற்பொருளாயின என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

இனி நம் சென்னைக்கு வருவோம். அங்கு 1977 முதல் நடைபெற்றுவரும் புத்தகக் காட்சியை நம்மிற் பலர் அறிவர். நூற்றுக்குப் பத்து விலைக்கழிவு பெற்றுப் பைநிறைய நூல்கள் வாங்கி வருதல் நம் வீடுகளிற் பலவற்றில் தைத்திங்கள் வழக்கமாகிவிட்டது. 2023ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16, 17, 18ஆம் நாட்களில், தமிழ்நாட்டரசு சென்னையிற் பன்னாட்டுப் புத்தகக் காட்சியொன்றை முதன்முதலாக நடத்திற்று. நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. திடலில் மக்கள் நெருக்கியடித்து நூல்வாங்கும் ஆண்டுக் காட்சியும் அவ்வமயம் நடந்துகொண்டிருந்தது. சிறு பதிப்பகமொன்றை நடத்திவரும் எம் நண்பர், "புலவரே, பொங்கல் விடுமுறைதானே! உடன் வாரும், பேச்சுக்கு ஒரு துணையாயிற்று" என்று அழைத்தார். உடன் சென்றோம்.

ஒருபுறம் பெருங்கூட்டமும் ஒலிபெருக்கியும் சுண்டல் மணமும். மறுபுறம் மேசைகளும் நாற்காலிகளும் தாழ்ந்த குரலிற் பேச்சும். மேசைக்கு ஒரு பக்கம் நூலுரிமை உடையவர். மறுபக்கம் அதனை வேண்டுபவர். குறித்த நேரம் முடிந்தவுடன் ஒருவர் எழுவார், அடுத்தவர் அமர்வார். விற்பனைக்கு ஒரு படியும் இல்லை; காட்டுதற்கு மட்டுமே உண்டு. அம்மூன்று நாட்களில் 300க்கும் மேற்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒரு நூலை எம்மொழியில் வெளியிடுவது, எந்நாடுகளில் விற்பது, எத்தனை ஆண்டுகளுக்கு, அச்சு வடிவில் மட்டுமோ, ஒலிநூலாகவும் மின்னூலாகவுமோ என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பேசப்படும். ஒரு நிலத்தை ஒருவர்க்கு உழவும், மற்றொருவர்க்குக் கிணற்று நீர் இறைக்கவும், வேறொருவர்க்கு மரத்தின் பலன் கொள்ளவும் விடுவது போன்றது இது.

தொகையும் இரு கூறாகும். ஒப்பந்தத்தின்போது கொடுப்பது முன்பணம். விற்பனையின்மேல் வருவது ராயல்டி. 200 ரூபாய் விலையுள்ள நூல் 1000 படிகள் விற்று, நூற்றுக்குப் பத்து வீதம் பேசியிருந்தால் ராயல்டி 20,000 ரூபாய். முன்னரே 8,000 ரூபாய் பெற்றிருந்தால் மீதி 12,000 வரும். இது பெருஞ்செல்வமன்று. ஆயினும், நம் ஊரில் உறங்கிக்கிடக்கும் நூலொன்று கடல்கடந்த நாட்டில் ஒருவர் கையில் விரிவதற்கு இதுவே வழி.

எம் நண்பர் கொண்டுசென்ற நூல்களுள் நம் சமூகப் பெரியார் ஒருவர் எழுதிய தன்வரலாறு ஒன்று இருந்தது. அவர் பர்மாவிற் கணக்கெழுதிப் பிழைத்தவர்; 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது, ஆயிரக்கணக்கானோருடன் காடும் மலையும் கடந்து கால்நடையாக இந்தியா மீண்டவர். வழியிற் கண்ட பசியையும் பிணியையும் சாவையும், ஒருவர்க்கொருவர் செய்த உதவியையும் அலங்காரமின்றி எழுதிவைத்தார். நண்பருடைய தந்தையார் 1966இல் அதனை அச்சிட்டார். கீழ்த்திசை நாடொன்றினின்று வந்த பதிப்பாளர் அம்மையார் ஒருவர், நண்பர் அந்நூலைப் பற்றி ஆங்கிலத்திற் கூறிய சில சொற்களைக் கேட்டவுடன் தம் குறிப்பேட்டைத் திறந்தார். பிற நூல்களை அவர் கையாலும் தொடவில்லை. இதனை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வினாக்கள் வினவினார். "இதன் பொருளை இரண்டு பக்கத்திற் கூறும் சுருக்கம் உளதா? ஓர் இயலின் ஆங்கில மொழிபெயர்ப்பு உளதா? இதன் உரிமை இப்போது யாரிடத்து உளது?"

முதலிரண்டிற்கும், "சில நாட்களில் அனுப்புகிறோம்" என்று விடை கூறலாயிற்று. மூன்றாவதற்கு நண்பர் வாய் அடைத்தது. ஆசிரியர் அவர் தந்தையாரிடம், "அச்சிடு, தம்பி" என்று வாயாற் சொன்னதே ஒப்பந்தம். அவர் 1978இற் காலமானார். மக்கள் ஐவர், மூவர் ஆண்கள், இருவர் பெண்கள். அவருட் சிலரும் இன்று இல்லை. பேரன்மார் மதுரையிலும் சென்னையிலும் பினாங்கிலும் வாழ்கின்றனர்.

ஊர் திரும்பிய பின்னர் நண்பர் கையொப்பம் தேடி அலைந்தார். சிலர் மகிழ்ந்து கையெழுத்திட்டனர். ஒரு பேரர் மட்டும், "1966 முதல் எத்தனை படிகள் விற்றீர்கள்? எங்கள் பாட்டனாருக்கு யாது கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். அவ்வினா முற்றிலும் நேர்மையானது. விடைகூறக் கணக்கேடு இல்லை. கடிதங்கள் போயின, வந்தன. ஓராண்டு சென்றபின் அவ்வம்மையார், தாம் வேறொரு நூலை எடுத்துக்கொண்டதாகப் பணிவுடன் எழுதிவிட்டார். அந்நூல் இன்றும் நண்பர் வீட்டு அலமாரியிலேயே உள்ளது.

அன்பர்களே! இதில் யாரையும் குறைகூற யாம் முற்படவில்லை. வாய்ச்சொல்லை நம்பி வாழ்ந்த காலத்தில் இருவரும் நேர்மையாகவே நடந்தனர். ஆயின், சொன்னவரும் கேட்டவரும் மறைந்தபின் வாய்ச்சொல்லுக்குச் சான்று யாது? ஆதலின் சட்டம் கூறுவதை நாம் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். முன்னர் 50 ஆண்டாக இருந்தது, 1992இல் 60 ஆயிற்று. 1960இல் மறைந்தவர் நூலுக்கு 2020 முடிய உரிமை இருந்தது. இன்று அதனை எவரும் அச்சிடலாம். 1978இல் மறைந்த நம் பெரியார் நூலுக்கு 2038 முடிய உரிமை உண்டு. உரிமையை மாற்றிக்கொடுப்பதாயின் அஃது எழுத்தில் இருத்தல் வேண்டும். கொடுப்பவர் கையொப்பம் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். பதிப்புரிமையும் சொத்தே. வீடும் நிலமும் போல மரபுரிமையர்க்குச் செல்லும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் விருப்ப ஆவணம் எழுதாது மறைந்தவரின் மனைவிக்கும் மகளிர்க்கும் மைந்தரோடு ஒப்பப் பங்கு வகுத்துள்ளது. பெண்மக்கள் கையொப்பத்தை, "அவர் வேறு வீடு சென்றவர்" என்று விட்டுவிடுதல் அறமுமன்று, சட்டமுமன்று.

உரிமை தெளிவுற்றால் நூல் எங்ஙனம் பரவும் என்பதற்குப் பாரதியாரே சான்று. 1921இல் மறைந்த அவர்தம் நூல்களின் உரிமையை 1949இல் சென்னை அரசு ஏற்றது. பின்னர் அவை நாட்டு மக்களுக்கு உடைமையாயின. இன்று அவர் பாடல் இல்லாத பள்ளி யாது?

இனி, அவ்வம்மையார் கேட்ட சுருக்கம் நமக்குப் புதியதென்று எண்ணவேண்டா. நம் முன்னோர் அதனைப் பாயிரம் என்றனர். ஒரு நூலின் பெயர், ஆசிரியன் பெயர், அதிற் கூறப்படும் பொருள், அது வந்த வழி, அது வழங்கும் எல்லை, பிற நூல்களோடு அதற்குள்ள தொடர்பு, அதனைக் கேட்டற்குரியோர், கேட்பதனால் வரும் பயன் ஆகிய எட்டும் சிறப்புப் பாயிரத்தில் விளங்கவேண்டும் என்று நன்னூலார் வகுத்தார். அந்நூலின் பாயிரமோ, அதனை ஆக்குவித்த சீயகங்கன் பெயரையும் மறவாது கூறுகிறது. சந்தை மேசையிற் கேட்கப்பட்டவற்றை இவ்வெட்டனோடு ஒப்புநோக்குமின்! நூல் யார்க்கு உரியது, எங்கு வழங்கும், யார் படிப்பர், படித்தால் யாது பயன் என்பனவே அங்கும் கேட்கப்பட்டன. பாயிரமின்றி நூல் இல்லை என்று கற்பித்த மரபினர் நாம். அம்மரபினர் எழுதிய நூல், இரண்டு பக்கத் தாளின்றி மேசையிற் கிடக்கலாமோ?

"நம் ஊர்க் கதையை அயல்நாட்டார் ஏன் விரும்புவர்?" என்று சிலர் வினவுவர். சந்தையிற் கண்டது இதற்கு மாறானது. எங்கும் கிடைக்கும் பொதுநூலை எவரும் நாடவில்லை. ஓரிடத்து ஒருவர் தம் கண்ணாற் கண்டு எழுதியதையே நாடினர். நம் வீட்டுப் பரண்களில் கடற்பயணக் குறிப்புகளும், கணக்கு நூல்களும், தொழில் நூல்களும், பாட்டிமார் சொல்ல எழுதிய கதைகளும் உள்ளன. செல்லும் கறையானும் அவற்றின் உரிமையை யாரிடமும் கேட்பதில்லை.

ஆகவே சங்கத்தார்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் நான்கு. முதலாவது, நம்மவர் எழுதிய நூல்களுக்கு ஓர் அட்டவணை. அதில் ஆசிரியர் மறைந்த ஆண்டும் மரபுரிமையர் பெயரும் முகவரியும் இடம்பெறுக. இரண்டாவது, உரிமைக்காலம் கழிந்த நூல்களை மின்படி எடுத்து நம் நூல்நிலையத்திற் சேர்க்க. மூன்றாவது, உரிமை நிற்கும் நூல்களுக்கு மரபுரிமையர் அனைவரும் தம்முள் ஒருவரைப் பேராளராக எழுத்திற் குறிக்க. அனைவரும் ஓரிடத்திற் கூடுவது திருமண நாளன்றே. மொய் எழுதும் மேசைக்கு அருகில் இதற்கும் ஒரு மேசை இடுக. இன்று எழுதுவோர் தம் பதிப்பாளரிடம் எழுத்தில் ஒப்பந்தம் பெறுக. தம் விருப்ப ஆவணத்தில் நூல்களையும் சேர்க்க. நான்காவது, ஆங்கிலமும் தமிழும் கற்ற நம் இளைஞரும் மகளிரும், ஆளுக்கொரு நூலெடுத்து இரண்டு பக்கப் பாயிரமும் ஓர் இயலின் மொழிபெயர்ப்பும் செய்க. சங்கத்தின் கல்வி நிதியினின்று அவர்க்குச் சிறு பொருள் வழங்குதல் தகும்.

பர்மாவினின்று நடந்துவந்த அப்பெரியாரின் பேரர் கேட்ட கணக்கை எம் நண்பர் இப்போது பழைய ரசீதுகளைக் கொண்டு எழுதிவருகிறார். அது முடிந்ததும் உறவினர் இருசாராரையும் அழைத்துப் பேச நம் தலைவர் இசைந்துள்ளார். அடுத்த சந்தைக்கு அந்நூல் தன் பாயிரத்தோடும் உரிமைத் தாளோடும் செல்லவேண்டும் என்பது எமது விருப்பம். அதற்கு வேண்டிய இரண்டு பக்கத்தையும் எழுதும் பணியை யாமே ஏற்றுள்ளோம்.