ஒரே சீசனோடு மூடப்பட்ட பள்ளிக்கூடம்

அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ஒரு காப்பியத்தையோ ஓர் அறிஞரின் வாழ்வையோ எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். இன்றைய பொழிவின் பொருள், பதின்பருவப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசன். ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ என்ற அந்தத் தொடருக்கு இரண்டாவது சீசன் கிடையாது. மொத்தமே 18 எபிசோடுகள்தான்.

1999 செப்டம்பர் 25 அன்று என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கியது. உருவாக்கியவர் பால் ஃபீக். தயாரிப்பில் துணைநின்றவர் ஜட் அபடோவ். ஃபீக் பிறந்து வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தில். கதை நடக்கும் சிப்பெவா அதே மாநிலத்தில் இருப்பதாகப் புனையப்பட்ட ஊர், காலம் 1980. கதையின் நாயகி லிண்ட்சே கணக்கில் கெட்டிக்காரி. பாட்டி இறந்தபின் கணிதக் குழுவை விட்டு விலகி, பழைய ராணுவ ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வகுப்புக்குக் கட்டடிக்கும் கூட்டத்தோடு சேர்கிறாள். அவள் தம்பி சாம், உயர்நிலைப் பள்ளியில் காலடி வைத்த முதல் வருடமே அடி வாங்குகிறான்.

சாமாக நடித்த ஜான் ஃபிரான்சிஸ் டேலிக்கு அப்போது நிஜமாகவே 14 வயது. இது சின்ன விஷயம் இல்லை. 1990இல் வந்து புகழ்பெற்ற ‘பெவர்லி ஹில்ஸ் 90210’ தொடரில் பள்ளி மாணவியாக வந்த கேப்ரியல் கார்ட்டெரிஸுக்கு வயது 29. முதிர்ந்த முகங்களை வகுப்பறையில் உட்காரவைத்துப் பழகிய திரையில், தோளுக்குப் பெரிதான சட்டையோடு நின்ற ஒரு குழந்தை முகம் பார்க்கிறவர்களை உலுக்கியது. எழுத்தாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, அவரவர் பள்ளிக்காலத்தில் பட்ட அவமானங்களை எழுதி வாங்கியிருக்கிறார்கள். கதைகள் அங்கிருந்து வந்தவை.

முதல் எபிசோடின் முடிவைப் பாருங்கள். மனதுக்குப் பிடித்த சிண்டியோடு ஆட சாமுக்கு ஒரே ஒரு பாட்டு வாய்க்கிறது. மெதுவான பாட்டு, அணைத்தபடி ஆடலாம். இருவரும் அரங்கத்தின் நடுவுக்கு வந்து சேர்வதற்குள் பாட்டு வேகமெடுத்துவிடுகிறது. பையன் விறைத்து நிற்கிறான். அவள் குதித்து ஆடத் தொடங்க, அவனும் கைகாலை உதறி ஆடுகிறான். கேட்டது கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. சீசன் முழுவதற்கும் இதுதான் சுருதி.

நிலையத்தாருக்கோ அந்தப் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் ஜெயிக்க வேண்டும். படைத்தவர்கள் இறங்கிவரவில்லை. சனிக்கிழமை இரவு போட்டார்கள்; இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம் அது. பிறகு திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள். அங்கே எதிரே நின்றது, பின்னர் தமிழில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ என நடத்திய நிகழ்ச்சியின் அமெரிக்கப் பதிப்பு. 12 எபிசோடு ஓடியதும் தொடரை நிறுத்தினார்கள். மூன்றை 2000ஆம் ஆண்டுக் கோடையில் காட்டினார்கள். மிச்சம் மூன்று ஃபாக்ஸ் ஃபேமிலி அலைவரிசைக்குப் போனது. அதே ஆண்டில், நடிகர் தேர்வுக்காக எம்மி விருது வந்தது. தேர்வு தப்பவில்லை: சேத் ரோகன், ஜேம்ஸ் ஃபிராங்கோ, ஜேசன் சீகல் மூவரும் பிற்பாடு திரைப்பட நட்சத்திரங்கள் ஆனார்கள். கதையோடு கலந்திருந்த அந்தக் காலத்துப் பாடல்களின் உரிமத்தொகை அதிகம் என்பதால் டிவிடி 2004இல்தான் வந்தது.

இத்தனையிலும் தலையாய காட்சி பில் என்ற பையனுடையது. சோடாபுட்டிக் கண்ணாடி, விளையாட்டு வகுப்பில் எல்லோருக்கும் இளக்காரம். பள்ளி விட்டு வருகிறான், வீட்டில் யாருமில்லை. சீஸ் வைத்து ரொட்டி சுட்டுக்கொள்கிறான். கேக், பாலோடு தொலைக்காட்சி முன் உட்காருகிறான். ஒரு நகைச்சுவைக் கலைஞர் பேசுகிறார். பில் வாயில் தீனியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். அவனுக்கு வசனமில்லை, பின்னால் ஒரு பாட்டு மட்டும். அவன் தனிமையும் அதை அவன் கடக்கும் வழியும் ஒரே சிரிப்பில் தெரிந்துவிடுகின்றன.

பள்ளிக்கூடக் கதை எழுத உட்காரும் இளைஞர்கள், பேனாவைத் திறக்கும் முன் இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அது இடம்பெற்ற எபிசோடை என்.பி.சி. தன் ஒளிபரப்பில் காட்டவே இல்லை.