வேன் கூரையில் வானத்தட்டு

என் அக்காள் மகன் லோரி ஓட்டுகிறவன். லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்புறம் படுக்கையும் அடுப்பும் வைத்து, ஓடும் வீடாக்கிவிட்டான். பள்ளி விடுமுறை வந்தால் தாயாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு லூமுட், கேமரன் மலை என்று புறப்பட்டுவிடுவான். முப்பது வருடம் பால்மரம் சீவிய அக்காளுக்கு ஒரே ஒரு குறை. இரவில் தமிழ் நிகழ்ச்சி பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அதனால், தானாகவே துணைக்கோளத்தைத் தேடிப் பிடிக்கும் தட்டு ஒன்றைக் கூரையில் பொருத்தப் பையன் ஆசைப்பட்டான். விலை அவனுடைய இரண்டு மாதச் சம்பளம். “மாமா, வாங்கலாமா?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் வீட்டுத் தட்டு எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துணைக்கோளத்தை. பூமி சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் ஆகிறது. இப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் 1945-இல் எழுதினார். பிற்காலத்தில் இலங்கையில் குடியேறி வாழ்ந்தவர் அவர். மலேசியாவின் முதல் துணைக்கோளமான மியாசாட்-1, 1996-இல் ஏவப்பட்டது. அஸ்ட்ரோவும் அந்த ஆண்டில்தான் வந்தது. அதன் துணைக்கோளங்கள் நிற்கும் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகை. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதில்தான் இருக்கிறது.

வீட்டுத் தட்டை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதும். வேன் அப்படியல்ல, நிறுத்தும் இடமெல்லாம் திசை மாறும். தானியங்கித் தட்டுக்குள் சிறு மோட்டார்கள் இருக்கின்றன. அவை தட்டைச் சுழற்றியும் நிமிர்த்தியும் அலையைத் தேடும். தன் நினைவில் பதிந்துள்ள துணைக்கோளம் இதுதான் என்று தெரிந்ததும் நின்றுவிடும். நினைவில் பதியாத ஒன்றைத் தேடச் சொன்னால் விடிய விடியச் சுற்றினாலும் பலன் இல்லை. அமெரிக்காவில் இத்தகைய தட்டுகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. அந்த நாட்டுத் துணைக்கோளங்களுக்கென்று செய்ததை மலிவாகக் கிடைக்கிறதென்று தருவித்துவிட்டு, இங்கே படம் வரவில்லையே என்றால் யாரை நோவது? ஆகவே, “91.5 பாகைத் துணைக்கோளத்தை இது தேடுமா? அஸ்ட்ரோ அலைக்கு ஏற்ற எல்.என்.பி. இதில் உள்ளதா?” என்று கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, காசு கொடுப்பதற்கு முன் கடை வாசலிலேயே படம் வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பலர் இதை நினைப்பதே இல்லை. அமெரிக்காவின் வட பகுதியில், டெட்ராய்ட் போன்ற ஊரில், துணைக்கோளம் ஏறக்குறைய 40 பாகை உயரத்தில் தாழ்ந்து தெரியும். நம் தீபகற்பத்திலோ 75 பாகைக்கும் மேலே, அநேகமாகத் தலை உச்சியில், சற்றே மேற்குப் பக்கமாக இருக்கிறது. அந்த அளவுக்கு நிமிர முடியாத தட்டு நமக்கு உதவாது. எத்தனை பாகை வரை நிமிரும் என்று பெட்டியோடு வரும் கையேட்டில் பாருங்கள்.

இந்த உயரத்தால் நமக்கு ஓர் இலாபமும் இருக்கிறது. 40 அடி செம்பனை மரம் ஒன்று மேற்கே நின்றால், டெட்ராய்ட் கணக்குப்படி 50 அடி தள்ளி நிறுத்த வேண்டும். இங்கே பன்னிரண்டு அடி தள்ளினால் போதும். ஆனால் மரத்தடி நிழலில் வேனை நிறுத்திக்கொண்டு படம் வரவில்லை என்று சொல்லாதீர்கள். எவ்வளவு விலை கொடுத்த தட்டாக இருந்தாலும் ஓலையைத் துளைத்துப் பார்க்காது.

கூரைத் தட்டில் இரண்டு வகை. வண்டி நின்றபின் தேடுவது ஒன்று; ஓடும்போதும் விடாமல் பிடித்துக்கொண்டே வருவது மற்றொன்று. பின்னதற்கு விலையும் அதிகம், மின்சாரச் செலவும் அதிகம். நீண்ட பயணத்தில் பிள்ளைகளுக்கு அது பொழுதுபோக்கு என்பார்கள். பிள்ளைகள் சன்னல் வழியே மலையைப் பார்க்கட்டுமே என்பது என் அபிப்பிராயம். தட்டை மூடியிருக்கும் குமிழ்மூடியையும் கவனியுங்கள். அதற்குள் அடங்குவதற்காகத் தட்டைச் சிறிதாகச் செய்கிறார்கள். நம் ஊர் அடைமழையில் வீட்டில் உள்ள 60 சென்டிமீட்டர் தட்டிலேயே படம் நின்றுபோகிறது. அதைவிடச் சிறியது இன்னும் முன்னதாகவே கைவிட்டுவிடும்.

மின்கலத்துக்கும் கணக்குப் பாருங்கள். தொலைக்காட்சி, பெட்டி, தட்டு மூன்றும் சேர்ந்து 60 வாட் இழுத்தால், 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 5 ஆம்பியர் போகும். 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியைத்தான் செலவழிக்கலாம் என்பதால் பத்து மணி நேரம் தாங்கும். இஞ்சினைக் கிளப்பும் மின்கலத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். காலையில் வேனைத் தள்ளும்படி ஆகிவிடும்.

கடைசியில் பையன் என்ன செய்தான்? முக்காலி ஒன்றும் சாதாரண 60 சென்டிமீட்டர் தட்டும் திசைகாட்டியும் வாங்கினான். வேன் நிழலில் நிற்கிறது. தட்டை மட்டும் வெயில் விழும் வெட்டவெளிக்குக் கம்பி இழுத்து வைக்கிறான். முதல்முறை லூமுட்டில் முக்கால் மணி நேரம் திணறினான். தட்டின் முகம் காட்டும் திசைக்குச் சற்று மேலேதான் அது பார்க்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. இப்போது பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான். வீட்டுச் சந்தாவை வேனில் பயன்படுத்தலாமா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டான், நீங்களும் கேளுங்கள். கூரையில் நிரந்தரமாக எதையாவது பொருத்துவதானால் ஜே.பி.ஜே.யிலும் விசாரியுங்கள்.

இவ்வளவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு, 2019-இல் நிறுத்தப்பட்ட பழைய ஒளிபரப்புக்குப் பதிலாக வந்த இலக்கமுறை ஒளிபரப்பு இருக்கிறது. சிறிய ஏரியல் போதும், மாதக் கட்டணம் கிடையாது. டிவி 2-இன் தமிழ்ச் செய்தி அதில் வரும். மலை மறைக்காத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேமரன் மலையில் அக்காளுக்கு அது கிடைக்கவில்லை. அன்றிரவு பேரப்பிள்ளைகளுக்குப் பழைய தோட்டத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.