வீடு வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பேசுவோர் உண்டு. கிரயப் பத்திரத்தைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எங்களைப் பணித்தபோது சற்றுத் தயங்கினோம். நாங்கள் வக்கீல் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்கள். ஆயினும் பட்டறிவு என்று ஒன்று உண்டல்லவா? அதனை உங்கள் முன் வைக்கிறோம்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழும் நம்மவர்க்கு ஒரு மயக்கம் உண்டு. முப்பது ஆண்டுகள் குடியிருந்த வீடு நம்முடையது போலவே தோன்றும். முற்றத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருப்போம். ஓய்வு பெற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்கும்போதுதான் கண் திறக்கும். பிராவிடண்டு பண்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவசர அவசரமாக வீடு தேடுவோம். பணமும் அவசரமும் ஒரே கையில் இருக்கும்போதுதான் மனிதன் தவறு செய்கிறான்.

எங்கள் தந்தையாரும் ரயில்வேயில் பணியாற்றியவரே. 1998ஆம் ஆண்டில் இந்தத் தில்லி மாநகரில் ஒரு சிறு வீட்டை வாங்கினார். விற்றவர் நல்ல மனிதர். ஏமாற்றும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. ஆனால் கிரயப் பத்திரம் எழுதவில்லை. ஓர் உடன்படிக்கை, பவர் ஆப் அட்டர்னி என்னும் அதிகாரப் பத்திரம், பணம் பெற்றுக்கொண்டதற்கு ரசீது ஆகிய மூன்று காகிதங்களே கைமாறின. "முத்திரைச் செலவு மிச்சம், இவ்வூரில் எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்றார் தரகர். அந்நாளில் பலரும் அப்படித்தான் வாங்கினார்கள்.

2009ஆம் ஆண்டில் விற்றவர் காலமானார். 2014ஆம் ஆண்டில் எங்கள் தங்கையின் திருமணத்திற்காக அவ்வீட்டின்மேல் கடன் கேட்டுப் போனோம். காகிதங்களைப் பார்த்த அதிகாரி, "இந்த வீடு இன்னும் உங்கள் தந்தையார் பெயருக்கு வரவில்லையே" என்றார். பதினாறு ஆண்டுகள் வரி கட்டி, வெள்ளையடித்து, பொங்கல் வைத்த வீடு! தந்தையார் ஒரு வார்த்தையும் பேசாமல் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விற்றவரின் வாரிசுகள் மூவர். இருவர் கையெழுத்திட இசைந்தனர். மூன்றாமவரோ, அன்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பங்கு கேட்டார். இரண்டு ஆண்டுகள் நடையாய் நடந்து, ஒரு தொகையும் கொடுத்து, 2016இல் பத்திரத்தைப் பதிவு செய்தோம். அதற்குள் தங்கையின் திருமணம் வெளியில் வாங்கிய கடனில் நடந்தேறிவிட்டது. முத்திரைச் செலவில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவாயிற்று.

முதற் கேள்வி இதுவே: அதிகாரப் பத்திரத்தால் வீடு நமதாகுமா? ஆகாது. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, சூரஜ் லாம்ப் வழக்கில் இதனைத் தெளிவாகக் கூறிவிட்டது. அதிகாரப் பத்திரம் என்பது ஒருவர் சார்பில் காரியம் பார்க்கும் அனுமதியே; அது கிரயமன்று. பொதுவாக, கொடுத்தவர் இறந்ததும் அந்த அனுமதியும் முடிந்துவிடும். நம்முள் எவரிடமேனும் இத்தகைய காகிதம் இருப்பின், விற்றவர் உயிரோடிருக்கும்போதே கிரயப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது: உடன்படிக்கை எழுதி அட்வான்ஸ் கொடுத்தால் உரிமை வந்துவிடுமா? அதுவும் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, கிரய உடன்படிக்கை மட்டும் சொத்தில் எவ்வித உரிமையையும் தராது. விற்பவர் பின்வாங்கினால் கோர்ட்டுக்குப் போகலாம்; அதற்கும் மூன்று ஆண்டுக் கெடு உண்டு. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலம் ஆகியவற்றின் கிரயம் பதிவு பெற்றாக வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் பத்திரத்தைச் சப் ரிஜிஸ்திராரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மூன்றாவது: வில்லங்கம் இல்லை என்று எப்படி அறிவது? முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பதிவு அலுவலகக் கணக்குகளைத் தேடச் செய்யுங்கள். அத்துடன் நின்றுவிடாதீர்கள். மூலப் பத்திரத்தைப் பாங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால், அது அக்கணக்கில் ஏறாமலும் இருக்கக்கூடும். ஆகவே அசல் பத்திரங்களைக் கண்ணால் காணாமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. "ஜெராக்ஸ் போதாதா?" என்று விற்பவர் கேட்டால், ஏன் கேட்கிறார் என்று நீங்கள் கேளுங்கள். நகரசபை வரி ரசீதில் பெயர் இருப்பதும் உரிமைக்கு முடிவான சாட்சியன்று. நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் உள்ள பத்திரத்தை, தெரிந்தவரைக் கொண்டு வரிவரியாகப் படிக்கச் செய்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

நான்காவது, ஊரில் உள்ள பூர்வீக வீட்டைப் பற்றியது. அதை விற்று இங்கே வீடு வாங்குவோர் நம்மில் பலர். "அக்காள் தங்கையருக்குக் கல்யாணத்தில் சீர் செய்தாயிற்று, அவர்கள் கையெழுத்து எதற்கு?" என்று அண்ணன் தம்பிகள் சொல்வதுண்டு. 2005ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை தந்துவிட்டது. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உடன்பிறந்தவளைக் கேளாமல் பிறந்த வீட்டை விற்பது முறையாகுமா? அவளையும் அழைத்து, பங்கைப் பேசித் தீர்த்து, கையெழுத்துப் பெறுவதே குடும்பத்திற்கு அழகு.

ஐந்தாவது: கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வாங்கலாமா? 2016ஆம் ஆண்டில் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. கட்டுபவர் அத்திட்டத்தை 'ரேரா' அதிகார அமைப்பில் பதிவு செய்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பதிவு செய்த உடன்படிக்கை இன்றி, விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவர் முன்பணம் பெறக் கூடாது. ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தென்பட்டால், செலவு வாங்காமல் சரிசெய்து தருவதும் அவர் கடமை.

ஆறாவது, விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாமா? வேண்டவே வேண்டாம். 2015 ஜூன் முதல், வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது தடை செய்யப்பட்டுள்ளது. விலை 50 லட்சத்தை எட்டினால், நூற்றுக்கு ஒன்று வீதம் வருமான வரியைப் பிடித்துச் சர்க்காருக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. மிச்சம் பிடிக்க விரும்புவோர் நேர்வழியில் பிடிக்கலாம்: தில்லியில் பெண்கள் பெயரில் வாங்கினால் முத்திரைத் தீர்வை குறைவு.

நம் ரயில்வே நண்பர்களுக்கு இன்னும் ஒரு சொல். வீடு வாங்கினாலும் விற்றாலும் இலாகாவுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டு நடத்தை விதி. மனைவி பெயரில் வாங்கினாலும் நம் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நலம்.

இவை யாவும் வக்கீலிடம் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை. வக்கீலுக்குப் பதிலாக அல்ல. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டும் காரியத்தில் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவன்று.

எங்கள் தந்தையார் பதிவான பத்திரத்தைக் கையில் வாங்கிய பின் ஓராண்டே வாழ்ந்திருந்தார். அன்று மாலை அதைப் பூஜை அறையில் வைத்துவிட்டு, "இனி நிம்மதி" என்றார். அந்த நிம்மதிக்கு அவர் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. நீங்கள் காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து உங்கள் காகிதங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஐயம் தோன்றினால் சங்கத்து வாசகசாலைக்குக் கொண்டுவாருங்கள்; உடன் அமர்ந்து படிக்க நாங்கள் இருக்கிறோம்.